வெயில் படாத உப்புக்கண்டம்

இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும் டீச்சர். மேல வச்சா, பிரேக் போடுறப்ப யாரு தலையில விழுமோன்னு ஆம்பூர் வர்ற வரைக்கும் எனக்கு அதே நெனப்பா இருக்கும். நீங்க சௌகரியமா உக்காருங்க. நீங்க வேலூரா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆள் ஆச்சு.

நீங்க டீச்சர்னு சொல்றதுக்கு முந்தியே நெனச்சேன். கண்டக்டர்கிட்ட மீதிச் சில்லறை கேட்டீங்களே, அந்தக் குரல்லயே தெரிஞ்சுபோச்சு. நான் எட்டாவதோட நின்னுட்டேன். டீச்சருங்களைக் கண்டா இன்னமும் எழுந்து நிக்கணும்போல இருக்கும்.

வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. புளியோதரை கொஞ்சம் மிஞ்சிப்போச்சு, அதுவா இருக்கும். மூடியே வச்சிருந்தேன் இல்லையா, புழுங்கியிருக்கும். வேற ஒண்ணும் இல்ல. நாங்க சைவம்தான் டீச்சர். முட்டைகூடத் தொடமாட்டோம்.

சன்னலை வேணா திறந்துவிடறேன்.

போனை அடிக்கடி பாக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணு கூப்பிடுவாளோன்னு ஒரு இது. கூப்பிட மாட்டா. அவளா கூப்பிட மாட்டா, என்னையும் கூப்பிடாதேன்னு சொல்லிட்டா. பெத்தவளைப் பாத்து. கத்திச் சொல்லியிருந்தாகூட கோவம், ஆறிடும்னு விட்டுடலாம். மெதுவாச் சொன்னா. பஸ்ஸுல ஏத்திவிட்டு, என் தண்ணி பாட்டிலை ரொப்பிக் குடுத்துட்டு, மெதுவாச் சொன்னா. ஒரு காரியம் சொல்லியிருக்கா. அதைச் செஞ்சாத்தான் நான் போன் பண்ணணுமாம். செய்ய முடியலன்னா பண்ணாதேன்னு.

ஒரே பொண்ணு டீச்சர். சுடர்க்கொடி. அவங்கப்பா வச்ச பேரு. அவரு போய்ச் சேந்துட்டாரு. வீட்டுல நானும் ஒரு பூனையும்தான், அதுவும் சோறு வைக்கிற நேரத்துக்கு மட்டும் வரும்.

பெங்களூரு தாண்டி ஒரு காலேஜ். ஆர்ட்ஸ் காலேஜ்தான், ஆனா நம்ம ஊரு மாதிரி இல்ல. காலையில சரித்திரம் படிக்கிறா, மத்தியானம் படம் வரையறா, சாயங்காலம் வாத்தியாரும் பிள்ளைங்களுமா வட்டமா உக்காந்து பேசுறாங்க. இதுக்கு என்னடி வேலை கிடைக்கும்னு கேட்டேன். "யோசிக்கத் தெரிஞ்சுக்குவோம்மா"ன்னா. யோசிக்கிறதுக்கு ஒரு காலேஜா. நான் கம்பெனியில மெஷின் முன்னாடி உக்காந்துக்கிட்டு நாளெல்லாம் யோசிக்கிறேன், எனக்கு யாரும் பட்டம் குடுக்கல.

ஒரு டிரஸ்டுல அவளைப் படிக்க வைக்கிறாங்க. எங்களை மாதிரி... கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைங்களுக்குன்னு.

அங்க இருக்கிற பொண்ணுங்களைப் பாக்கணுமே நீங்க. பால்ல முக்கி எடுத்த மாதிரி. இவ அவங்கப்பா நிறம். கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு, பல்லுதான் தெரியும். கொண்டுபோய் விட்ட அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வாயை அடக்கிக்க. ஊரு ஆம்பூர்னு சொல்லு, தெருவைச் சொல்லாதே. அப்பா என்ன வேலை செஞ்சாருன்னு கேட்டா, இறந்துட்டாருன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. சாப்பிடுறப்ப சைவப் பக்கம் போய் உக்காரு, பாதிக் கேள்வி அதுலயே நின்னுடும்.

ஏன்னு கேக்குறீங்களா? அது... பொம்பளைப் பிள்ளை பாருங்க. எதுக்கு வீணா நாலு பேரு வாய்ல விழுறதுன்னுதான்.

கூட ஒரு பொண்ணைப் போட்டாங்க ரூம்ல. இபான்னு பேரு. ஷில்லாங்காம். சப்பை மூக்கும் சின்னக் கண்ணுமா, சைனாக்காரி மாதிரி. பாம்பு தின்னுவாங்களோ, தவளை தின்னுவாங்களோ, யாரு கண்டா. அவ பெட்டியைத் திறந்தா ஒரு கருவாட்டு வாடை. நான் நேரா வார்டன்கிட்டப் போயி, எம்பொண்ணுக்கு வேற ரூம் குடுங்கன்னு கேட்டுட்டேன். சுடர் என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்து, "நம்மளைப் பாத்து யாராவது அப்படிக் கேட்டா உனக்கு எப்படிம்மா இருக்கும்?"னா. நம்மளை எதுக்குக் கேக்கப் போறாங்க, நாம வாயைத் திறந்தாத்தானே, அப்படின்னேன். என் கையை விட்டுட்டு உள்ள போயிட்டா.

ஒரே தட்டுல சாப்பிடாதடின்னும் சொன்னேன். ஒரே தட்டுலதான் சாப்பிடுறாங்களாம்.

நம்ம ஊரு சனங்க எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியாததா? எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். ஆம்பூருல ஒரு நல்ல தெருவுல வாடகைக்குப் போனாங்க. வேற ஆளுங்கன்னு சொல்லித்தான் போனாங்க, சொல்லலைன்னா யாரு வீடு குடுக்கிறா. அந்தப் பொம்பளைக்குப் புத்தி இருந்திருக்கணும். மொட்டை மாடியில துணி காயப்போடுற கொடியில கறியை நீளவாக்குல வார் வாரா அரிஞ்சு, மஞ்சளும் உப்பும் தடவி, உப்புக்கண்டம் காயவச்சுட்டா. அடியில துணி, மேல துணி, நடுவுல கண்டம். தெரியாதுன்னு நெனச்சா. காக்காவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. பொழுது சாயறதுக்குள்ள சட்டி பானையெல்லாம் தெருவுல. வீட்டுக்காரம்மா, அந்தப் பொம்பளை மிதிச்ச இடத்தையெல்லாம் கழுவி விட்டுக்கிட்டே வருது. தெரு முழுக்க வேடிக்கை பாக்குது. சுடருக்கு அப்பத்தான் பல்லு முளைக்கிற நேரம், இடுப்புல நிக்கவே மாட்டேங்குது, ஒரே அழுகை...

அவங்க பிள்ளைக்கு. அவங்க பிள்ளையும் சின்னது. அதைச் சொன்னேன்.

ஓசூர் வந்துடுச்சா? எவ்வளவு கூட்டம் பாருங்க. டீ வாங்கட்டுமா உங்களுக்கு? வேணாமா. சரி.

நான் விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காலேஜ் மெஸ்ஸுல ஒரு தகராறு. வடகிழக்குப் பிள்ளைங்க கருவாடு, அது இதுன்னு ஊர்லேருந்து கொண்டாந்து சோத்துல போட்டுக்கிட்டா, மத்த பிள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டு எழுந்து போறாங்களாம். இபான் ரூமிலேயே கதவைச் சாத்திக்கிட்டுத் தின்ன ஆரம்பிச்சிருக்கா. இவளுக்குத் தாங்கலை. இவளுக்கு எதுக்கு வம்பு, சொல்லுங்க. அஞ்சாறு பேரைச் சேத்துக்கிட்டு ஒண்ணு ஆரம்பிச்சிட்டா. வருஷத்துக்கு ஒரு நாள், பெத்தவங்க வர்ற அன்னைக்கு, அவங்கவங்க வீட்டுச் சாப்பாட்டை மேசையில வைக்கணும். எதுவா இருந்தாலும் வைக்கணும். இது என்ன, எங்க வீட்டுல எப்படிச் செய்வோம், நாங்க யாருன்னு எழுந்து நின்னு சொல்லணும். யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது.

எனக்குப் போன் போட்டு, இன்னது செஞ்சு எடுத்துட்டு வாம்மான்னு ஒண்ணு கேட்டா. என்ன கேட்டான்னு விடுங்க. நான் புளியோதரை கிளறிக்கிட்டுப் போனேன். நல்லெண்ணெய் ஊத்தி, வேர்க்கடலை போட்டு, வாழையிலையில கட்டி. யாரு மூக்கைப் பொத்துவாங்க புளியோதரைக்கு?

நீளமா மேசை போட்டிருந்தாங்க. இபான் கருவாட்டுத் துவையல் வச்சிருந்தா. சுடர் தனக்குன்னு ஒரு பெரிய தட்டைக் காலியா வச்சுக்கிட்டு, வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. என்னைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கினா. முகமெல்லாம் பல்லு. அதுக்குள்ள பக்கத்துல ஒரு அம்மா, சென்னைக்காரங்க, அவங்க பொண்ணு சம்யுக்தாவும் அங்கதான் படிக்குது. பட்டுப்புடவை. தமிழ்ல பேசுறாங்கன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு.

"ஆம்பூரா நீங்க? எங்க பெரியப்பா வீடு அங்கதான், முதலியார் தெருவுல. நீங்களும் அந்தப் பக்கமா?"

"ஆமாங்க. அந்தப் பக்கம்தான்."

"சைவம்தானே?"

"சைவம்தாங்க. வெள்ளிக்கிழமைன்னா வெங்காயம்கூட சேக்க மாட்டோம்."

"அதான் பாத்தேன். முகத்துலயே தெரியுதே" அப்படின்னுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க டீச்சர். பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. என் கை தோலெல்லாம் காப்பு காய்ச்சுக் கிடக்கும், ஷூ தைக்கிற ஊசி குத்தி. அவங்க கை வெண்ணெய் மாதிரி. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை. வெங்காயத்தைச் சேத்துச் சொன்னேன் பாருங்க, அது எங்கேருந்து வந்துச்சோ, தானா வந்துச்சு.

அந்தப் பொண்ணு சம்யுக்தா அதை இங்கிலீஷ்ல மேசை முழுக்கச் சொல்லிட்டா. எல்லாரும் சுடரைத் திரும்பிப் பாக்குறாங்க. அவ பையோட நடுவுல நிக்கிறா.

"சுடர், அப்ப வகுப்புல நீ சொன்ன அந்த வாடகை வீட்டுக் கதையும் கதைதானா? நான் அழுதேன் தெரியுமா" அப்படின்னு அந்தப் பொண்ணு தமிழ்லயே கேட்டுச்சு. கோவமாக்கூட இல்ல. சிரிச்சுக்கிட்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் கதையைப் போயி வட்டமா உக்காந்து எல்லாருக்கும் சொல்லியிருக்கா. நான் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இத்தனை வருஷமா பொத்திப் பொத்தி வச்சதை.

ஆமா டீச்சர். எங்க கதைதான். உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும், நீங்க படிச்சவங்க.

சுடர் என்னைப் பாத்தா. "அம்மா, சொல்லும்மா"ன்னா. அவ்வளவுதான். அங்க இருக்கிற அத்தனை பேரும் என் வாயையே பாக்குறாங்க. அந்த அம்மா இன்னும் என் கையை விடலை. நான் என்ன பண்ணேன்னு நெனைக்கிறீங்க? தலையைச் சுத்துதுன்னு சொல்லி உக்காந்துட்டேன். நெசமாவே சுத்துச்சு. அந்த அம்மா தண்ணி குடுத்து, விசிறி விட்டாங்க. நல்லவங்க.

புளியோதரையை அவங்கதான் இலையைப் பிரிச்சு எல்லாருக்கும் போட்டாங்க. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. சுடர் தட்டு மட்டும் காலியாவே இருந்துச்சு. அந்த இபான் இருக்காளே, அவ துவையலைக் கொண்டாந்து சுடர் தட்டுல பாதியைக் கொட்டிட்டு, பக்கத்துல ஒட்டி உக்காந்துக்கிட்டா. மத்த பிள்ளைங்க யாரும் அந்தப் பக்கம் வரலை. அவங்கவங்க தட்டை எடுத்துக்கிட்டு நகந்துட்டாங்க.

இதுல என் தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. நான் அவளுக்கு மரியாதை தேடிக் குடுக்கத்தானே போனேன். மறுநாள் காலையில கேட்டேன், ஏண்டி, அந்த டிரஸ்டுல போய் யாராவது எதாவது சொல்லிடுவாங்களான்னு. "சர்டிபிகேட் இருக்கும்மா, அதை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா கூடப் படிக்கிறவங்களோட உக்காந்து சாப்பிடுறதுக்கும் நான் சர்டிபிகேட் காட்டணுமா?" அப்படின்னா. பேச்சு மட்டும் நல்லாக் கத்துக்கிட்டு இருக்கா.

"நான் பொய் சொன்னேன்னு நெனைக்கிறாங்கம்மா. நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. சம்யுக்தாகிட்டகூட வேணாம். இபான்கிட்டயாவது."

இபானுக்குத் தமிழ் தெரியாதேன்னேன்.

"தெரியலைன்னா பரவாயில்ல. உன் வாயிலேருந்து வரட்டும்."

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லி நான் பையை எடுத்துக்கிட்டேன். கிளம்புறப்ப அந்தப் பொண்ணு இபான் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிச்சு. அது கூட இருக்க வேணாம்னு நான் வேற ரூம் கேட்டது அதுக்குத் தெரியாது போல. தெரிஞ்சும் கட்டிப்பிடிச்சிருந்தா அது என்ன பழக்கமோ. கூச்சமா இருந்துச்சு. நான் கையைத் தொங்கவிட்டுக்கிட்டு நின்னேன்.

பஸ் ஸ்டாண்டுலதான் சுடர் அந்தக் காரியத்தைச் சொன்னா. "அம்மா, வழியில பக்கத்துல யாராவது வந்து உக்காருவாங்க. உன்னைத் தெரியாது. மறுபடியும் பாக்கப் போறதும் இல்ல. அவங்ககிட்டச் சொல்லு, நாம யாருன்னு. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணு. சொல்ல முடியலன்னா பண்ணாதே. நான் உன்னைத் திட்ட மாட்டேன், ஆனா எனக்குப் பேச ஒண்ணும் இருக்காது."

பாருங்க, எப்படி ஒரு பரிட்சை வைக்கிறான்னு. யாராவது ஆம்பளை வந்து உக்காந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன். நல்லவேளை நீங்க வந்தீங்க. அதுவும் டீச்சர்.

டோல்கேட்டு தாண்டிட்டோம். இன்னும் கொஞ்சத்துல கிருஷ்ணகிரி.

நீங்க கர்சீப்பை மூக்குல வச்சிருக்கீங்க. புளியோதரை இல்ல டீச்சர் அது. புளியோதரை அங்கயே தீந்துபோச்சு, அந்த அம்மா வழிச்சுப் போட்டுட்டாங்க.

அவ கேட்டது உப்புக்கண்டம். நான் செஞ்சேன். செய்யாம எப்படி இருப்பேன், அவ வாய்விட்டு ஒண்ணு கேட்டா. கறி வாங்கி, அரிஞ்சு, எல்லாம் செஞ்சேன். ஆனா காயவைக்க மாடிக்குப் போகப் பயம். இப்ப இருக்கிறது எங்க காலனிதான், எங்க சனந்தான் சுத்தி, யாரு என்ன சொல்லப் போறாங்க? இருந்தாலும் அந்த வீட்டை விட்டதிலேருந்து நான் மாடியில எதையும் காயவைக்கிறதில்ல. வீட்டுக்குள்ளயே கொடி கட்டி, சன்னலையெல்லாம் சாத்திட்டு, ஃபேனுக்கு அடியில காயவச்சேன். வெயில் படலைன்னா கண்டம் முறுகாது, உள்ள ஈரம் நிக்கும். அதான் இந்த வாடை. வெயில்ல காஞ்சதுன்னா இப்படி வராது, மணமா இருக்கும். வறுத்து, டப்பாவுல போட்டு, துணி சுத்தி, பையோட அடியில வச்சு எடுத்துட்டுத்தான் போனேன். சுடர் வாங்கினாளே பையை, அதுக்குள்ளதான் இருந்துச்சு. அவளுக்கே தெரியாது. மேல இருந்த இலைக்கட்டைத்தான் எடுத்தா. நான் சொல்லலை. அப்படியே திரும்பி வருது.

திறந்து காட்டட்டுமா? இதோ. பாருங்க, நிறம் நல்லாத்தான் வந்திருக்கு.

மாட்டுக்கறி டீச்சர்.

நாங்க முதலியாரு இல்ல. காலனி. அவரு தோல் ஷாப்புல வேலை செஞ்சாரு, தோலை ஊறப்போடுற சுண்ணாம்புத் தொட்டியில. நான் ஷூ கம்பெனியில தைக்கிறேன். எங்க மாமனாரு செத்த மாடு தூக்கினவரு. அவ்வளவுதான். வேற என்ன சொல்லணும்னு தெரியலை. இவ்வளவு சொன்னாப் போதும்னு நெனைக்கிறேன்.

நீங்க ஒண்ணும் சொல்லணும்னு இல்ல.

ஒரு துண்டு எடுத்துக்கங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்க எந்த ஆளுங்களோ, நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன்.

கிருஷ்ணகிரி வந்துடுச்சா. ஆமா, நெறைய பேரு இறங்குறாங்க. முன்னாடி சீட்டா? காலியாத்தான் இருக்கு. காத்து நல்லா வரும் அங்க. போங்க டீச்சர், நீங்க போய் தாராளமா உக்காருங்க. உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னீங்களே, காலை நீட்டிக்கலாம். இருங்க, காலை மடக்கிக்கிறேன், தாண்டிப் போங்க. உங்க பை இந்தா. தண்ணி பாட்டிலை விட்டுட்டீங்க பாருங்க.

எனக்கும் இடம் தாராளமா ஆச்சு.

...

அலோ, சுடரு? அம்மாதான். ஏண்டி ஒரே ரிங்குல எடுத்துட்டே, கையிலயே வச்சிருந்தியா? சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? சரி. சரி.

சொல்லிட்டேன்.

ஆமா. நெசமாத்தான். உம்மேல சத்தியமா. ஒரு டீச்சரம்மா. ரிட்டயரானவங்க. எல்லாம் சொன்னேன். மாமனாரு வரைக்கும் சொன்னேன். டப்பாவைக்கூடத் திறந்து காட்டினேன்.

எந்த டப்பாவா? கொண்டாந்தேன்டி. நீ கேட்டியே, அதுதான். பைக்குள்ளயே இருந்துச்சு. அழாதே. இப்ப எதுக்கு அழுவுறே? கண்ணைத் துடை. பக்கத்துல யாரு, இபானா? அவகிட்ட... அவளுக்கும் அடுத்த தடவை சேத்துக் கொண்டாறேன்னு சொல்லு. அந்தப் பொண்ணு சம்யுக்தாகிட்டயும் நானே பேசறேன். போன்லயே பேசறேன். அவங்கம்மாகிட்டன்னா... பாக்கலாம். மொதல்ல பொண்ணுகிட்ட பேசறேன்.

டீச்சரா? என்ன சொன்னாங்களா?

நல்லாக் கேட்டுக்கிட்டாங்கம்மா. ரொம்ப நல்லவங்க. உன்னை நல்லாப் படிக்கச் சொன்னாங்க.

போனைக் குடுக்க முடியாதுடி. இறங்கிட்டாங்க. இப்பத்தான், கிருஷ்ணகிரியில. அவங்க ஊரு வந்துடுச்சு.

ஆமா, பஸ் கிளம்பிடுச்சு. பக்கத்துல யாரும் இல்ல. தனியாத்தான் இருக்கேன். ஒரு துண்டு வாயில போட்டிருக்கேன், அதான் பேச்சு இப்படிக் கேக்குது. நல்லாத்தான் இருக்கு. வெயில்தான் கொஞ்சம் பத்தலை.

அடுத்த தடவை மாடியில போடுறேன்.